அடுக்குப் படிகத்தில் மின்தடையும் காந்தமும் அளக்க: வெளியூர்க் கருவியில் நேரம் வாங்கும் ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

இது பிஎச்டியின் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு. கைடு ஒரு நாள் கூப்பிட்டு, "லேயர்டு மேக்னட் ஒண்ணு எடுத்துக்கோப்பா, ரெசிஸ்டிவிட்டி, ஹால், மேக்னடைசேஷன் மூணும் அளந்துடு" என்று சொல்லியிருப்பார். (ஹால் என்பது, புலம் போட்டதும் மின்னோட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம்.) துறையில் ஒரு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) இருக்கும், பழைய ஃபர்னஸ் இருக்கும். 2 கெல்வின் வரை குளிரவைத்து 9 டெஸ்லா புலம் போடும் கருவி இருக்காது. வேறு ஊரில் நேரம் வாங்கித்தான் அளந்தாக வேண்டும்.

இதன் இயற்பியல் எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். எந்தக் காகிதத்தை எப்போது நீட்ட வேண்டும், எத்தனை மணி நேரம் கேட்க வேண்டும், சில்வர் பேஸ்டை எங்கே தொட்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் சீனியர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. சீனியர் இல்லாத லேபில் சேர்ந்து இதையெல்லாம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். கருவி நேரம் வீணாவது பெரும்பாலும் கருவியால் அல்ல. மேசையில் முடித்திருக்க வேண்டிய வேலையை அங்கே போய்ச் செய்வதால்தான்.

1. எந்தப் படிகம்?

மூன்று அளவீடும் ஒரே படிகத்தில் வேண்டுமென்றால் அது உலோகமாகவும் இருக்க வேண்டும், காந்தமாகவும் இருக்க வேண்டும். முதல் படிகமாக நான் பரிந்துரைப்பது இரும்பு 3, ஜெர்மேனியம் 1, டெலூரியம் 2 என்ற விகிதத்தில் அமைந்த சேர்மம். ஆய்வகங்களில் எஃப்ஜிடி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இதன் க்யூரி வெப்பநிலை (அதற்குக் கீழே குளிர்ந்தால்தான் காந்தமாகும்) 220 கெல்வினை ஒட்டி இருக்கிறது. தடிமனான படிகம் சாதாரணக் காற்றில் சில மணி நேரம் தாங்கும். மின்தடை, ஹால், காந்தமாக்கம் மூன்றிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

குரோமியம் ட்ரை-அயோடைடு புகழ்பெற்றது, 61 கெல்வினில் காந்தமாகிறது. ஆனால் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். க்ளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத, கையுறை வைத்த பெட்டி) இல்லாத லேபில் தொடவே வேண்டாம். போதாக்குறைக்கு அது மின்காப்புப் பொருள். குளிர்ந்ததும் மின்தடை எகிறி, சாதாரண நான்கு முனை அளவீடு (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு) நின்றுவிடும். நிக்கல், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் பாஸ்பரஸ் ட்ரைசல்ஃபைடுகளும் (முறையே 155, சுமார் 120, 78 கெல்வினில் எதிர்க்காந்த, அதாவது ஆன்டிஃபெரோமேக்னடிக் ஒழுங்கு) அதே வகை. காந்த அளவீட்டுக்கு அருமை, மின்கடத்தலுக்கு ஆகாது.

நியோபியம் டைசெலினைடு துண்டு ஒன்றையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 33 கெல்வினை ஒட்டி மின்தடையில் ஒரு சின்ன வளைவு, 7.2 கெல்வினில் மீகடத்தல். நீங்கள் வைக்கும் கான்டாக்டும் (படிகத்தில் கம்பியை ஒட்டும் முனை) கருவியின் வெப்பமானியும் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

2. வளர்ப்பதா, வாங்குவதா?

வெளிநாட்டு நிறுவனங்கள் சில மில்லிகிராம் படிகத்தைச் சில நூறு யூரோவுக்கு விற்கின்றன. அதோடு அனுப்பும் செலவு, சுங்கம், வங்கிக் கட்டணம். அரசு நிதியில் வாங்கினால், அந்தப் பொருள் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் கிடைக்கவில்லை என்று அங்கிருந்தே எடுத்த அறிக்கையைக் கோப்பில் வைக்கச் சொல்லலாம். உங்கள் நிறுவனத்தில் அது இப்போது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமாக ஒரு துண்டு வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆய்வு முழுக்க இதில்தான் என்றால் வளர்க்கப் பழகிக்கொள்வதே மேல்.

எஃப்ஜிடி-க்கு வழக்கமான முறை ஆவிவழிக் கடத்தல். தூளாக்கிய மூன்று தனிமங்களையும் விகிதப்படி ஒன்றிரண்டு கிராம் எடுத்து, குழாயின் கன சென்டிமீட்டருக்குச் சில மில்லிகிராம் அயோடின் சேர்த்து, வெற்றிடத்தில் குவார்ட்ஸ் குழாயை மூட வேண்டும். இரண்டு மண்டல ஃபர்னஸில் ஒரு முனை 750, மறுமுனை 700 டிகிரி செல்சியஸ். ஒரு வாரம் முதல் பத்து நாள். சூடேற்றம் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். வினைபுரியாத டெலூரியமும் அயோடினும் ஆவியாகிக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். வேகமாகப் போனால் வெடிக்கும். முகக் கவசம் இல்லாமல் அந்தக் குழாயை வெளியே எடுக்காதீர்கள், உடைக்கவும் உடைக்காதீர்கள்.

மின்வெட்டு இன்னொரு பொறி. ஒரு வார ஓட்டத்தின் நடுவில் ஃபர்னஸ் அணைந்து, மின்சாரம் வந்ததும் தானே முழு வேகத்தில் ஏறினால் படிகம் போனதோடு நிற்காது, குழாயும் போகலாம். கன்ட்ரோலரில் மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை "நின்றுவிடு" என்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வந்த தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் அயோடினை எத்தனால் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

3. படிகத்தை நம்பும் முன்

எக்ஸ்ஆர்டி: தட்டையாக வைத்த எஃப்ஜிடி தட்டில் அடுக்குத் திசை உச்சங்கள் மட்டுமே வரும். தாமிரக் கதிரில் முதல் உச்சம் 10.8 டிகிரியில். பல துறைகளில் வழக்கமாக 20 டிகிரியிலிருந்து ஓட்டுவார்கள். அப்படி விட்டால் முதல் உச்சமே தெரியாது. 5 டிகிரியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஈடிஎக்ஸ் (தனிமங்களின் விகிதத்தைக் காட்டும் அளவீடு): இரும்பு 3 என்று நினைத்து எடுத்தது 2.7 ஆகவும் இருக்கலாம். இரும்பு குறையக் குறைய க்யூரி வெப்பநிலை இறங்கும். ஃப்ளக்ஸ் முறையில் (உருகிய குழம்பிலிருந்து) வளர்த்த, இரும்பு குறைந்த படிகங்களில் 150 கெல்வின் வரைகூட இறங்கியிருக்கிறது. ஈடிஎக்ஸின் துல்லியம் சில சதவீதம்தான் என்பதால் அதன் கடைசித் தசமத்தை நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். உங்கள் படிகத்தின் இரும்பு அளவைப் பற்றி க்யூரி வெப்பநிலையே அதிகம் சொல்லும். ஒரே குழாயில் வந்த இரண்டு தட்டுகளுக்குள்கூட வித்தியாசம் இருக்கும். ஆகவே காந்தம் ஒரு தட்டில், மின்தடை இன்னொரு தட்டில் என்று அளந்து ஒப்பிடுவது ஆபத்து. முதலில் காந்தம், பிறகு அதே தட்டில் கான்டாக்ட் வைத்து மின்தடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள், சில்வர் பேஸ்ட் பட்ட தட்டின் எடை பிறகு யாருக்கும் தெரியாது.

எடை: 5 மில்லிகிராம் தட்டை 0.1 மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசில் நிறுத்தால் 2 சதவீதப் பிழை அங்கேயே வந்துவிட்டது. 0.01 மில்லிகிராம் தராசு எந்தத் துறையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். வேதியியலிலோ பார்மசி கல்லூரியிலோ இருக்கும்.

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் நுண்ணோக்கியில் அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள். மின்தடைத்திறனில் வரும் பெரும்பிழை தடிமனிலிருந்துதான்.

வளைக்காதீர்கள். அடுக்குப் படிகங்களின் சாபம் இது. ருத்தீனியம் ட்ரைகுளோரைடில் நல்ல படிகம் 7 கெல்வினில் ஒரே ஒரு காந்த மாற்றம் காட்டும். கத்தரியால் வெட்டியோ அழுத்தியோ அடுக்கு வரிசை குலைந்துபோனால் 14 கெல்வினில் இன்னொன்று முளைக்கும். பொருளின் புதிய குணம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது, அது இடுக்கியின் குணம்.

4. எங்கே போவது, என்ன காகிதம்?

முதலில் ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்யுங்கள். நாட்டில் அரசு நிதியில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன, எப்படி நேரம் கேட்பது என்ற விவரம் அதில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே நடக்கும் யுஜிசி-டிஏஇ கூட்டமைப்புக்கு இந்தூர், மும்பை, கொல்கத்தாவில் மையங்களும் கல்பாக்கத்தில் ஒரு கிளையும் உண்டு. குறைந்த வெப்பநிலை, உயர் புல அளவீட்டுக்கு இந்தூர் மையத்தைத்தான் பலரும் நாடுவார்கள். அறை வெப்பநிலை விஎஸ்எம் (மாதிரியை அதிரவைத்துக் காந்தமாக்கத்தை அளக்கும் கருவி), எக்ஸ்ஆர்டி போன்றவற்றுக்குச் சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையம் போதும். அதற்கெல்லாம் இந்தூர் வரை போக வேண்டியதில்லை.

கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். பிபிஎம்எஸ் என்பது மின்தடை, ஹால், விஎஸ்எம் எனப் பல இணைப்புகளை மாற்றிப் போடும் கருவி. 9 அல்லது 14 டெஸ்லா இருக்கும். எம்பிஎம்எஸ் என்பது மிக நுண்ணிய காந்தத்தையும் பிடிக்கும் ஸ்க்விட் காந்தமானி, 7 டெஸ்லா. பிபிஎம்எஸ் இருக்கிறது என்பதால் விஎஸ்எம் இணைப்பும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரயிலேறாதீர்கள். "இந்த இணைப்பு இப்போது வேலை செய்கிறதா, ஹீலியம் இருக்கிறதா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். போனில் கிடைத்த "ஆமாம் வாங்க" செல்லாது.

எடுத்துவைக்க வேண்டிய காகிதங்கள்: மையத்தின் விண்ணப்பப் படிவம், கைடின் கையொப்பமும் துறைத்தலைவரின் முத்திரையும் சேர்த்து. நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்ற போனஃபைட் சான்று. அடையாள அட்டை, ஆதார் நகல் (வளாகத்துக்குள் நுழைய, விருந்தினர் விடுதிக்கு). எக்ஸ்ஆர்டி படமும் ஈடிஎக்ஸ் அட்டவணையும். பொருளின் பாதுகாப்புத் தாள், அதில் டெலூரியம் நச்சு என்ற வரி மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண். பணம் எந்தத் திட்டக் கணக்கிலிருந்து வரும் என்ற ஒரு வரி.

படிவத்தில் "மாதிரி காந்தத்தன்மை உள்ளதா, எவ்வளவு?" என்று ஒரு கேள்வி இருக்கும். பலர் "ஆம்" என்று எழுதிவிட்டு விடுகிறார்கள். கணக்குப் போட்டு எழுதுங்கள். எஃப்ஜிடி-யின் மோலார் நிறை 495.4 கிராம். ஒரு இரும்பு அணுவுக்குச் சுமார் 1.5 போர் மேக்னெட்டான் என்று வைத்தால் 5 மில்லிகிராம் தட்டுக்கு 0.25 ஈஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு) வரும். விஎஸ்எம்-மின் எல்லை 10 லட்சத்தில் ஒரு பங்கு ஈஎம்யூ அளவில் இருப்பதால், இதற்கு ஸ்க்விட் தேவையே இல்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஸ்க்விட் வரிசை எப்போதும் நீளம், விஎஸ்எம் வரிசை சின்னது. இந்த ஒரு வரிக் கணக்கு உங்களுக்கு வாரங்களை மிச்சப்படுத்தலாம். படிவத்தைப் பார்க்கும் விஞ்ஞானிக்கும் ஆள் விஷயம் தெரிந்தவர் என்று படும்.

கையொப்பங்களுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் துறையைப் பொறுத்தது. தேர்வு மாதங்களில் துறைத்தலைவர் கிடைப்பது அரிது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதேபோல் கருவிகள் ஆண்டுப் பராமரிப்புக்கு மூடப்படும் வாரம் எது என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

5. மணிக் கணக்கும் பணக் கணக்கும்

"ஒரு நாள் போதும்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வெப்பநிலையோடு காந்தமாக்கம்: 2 முதல் 300 கெல்வின் வரை நிமிடத்துக்கு 2 கெல்வின் என்றால் ஓர் ஓட்டம் 150 நிமிடம். புலமில்லாமல் குளிர்வித்து ஒன்று, புலத்தோடு குளிர்வித்து ஒன்று என்று இரண்டு ஓட்டம். இடையில் குளிர்விக்கும் நேரமும் நிலைப்படும் நேரமும் சேர்த்தால் ஆறு மணி நேரம். அடுக்குக்கு இணையாக, செங்குத்தாக என்று இரண்டு திசை, இரண்டு புலம் என்றால் 24 மணி நேரம் போய்விட்டது.

புலத்தோடு காந்தமாக்கம்: 9 டெஸ்லா வரை நொடிக்கு 100 ஓர்ஸ்டெட் (10,000 ஓர்ஸ்டெட் ஒரு டெஸ்லா) என்றால் கால்வட்டத்துக்கு, அதாவது பூஜ்யத்திலிருந்து உச்சம் வரை, 15 நிமிடம், ஐந்து கால்வட்டத்துக்கு 75 நிமிடம். ஆறு வெப்பநிலைகள் என்றால் ஏழரை மணி.

குறைக்க வழி உண்டு. முதல் ஓட்டத்தை மட்டும் முழு வீச்சில் எடுங்கள். மாற்றம் எங்கே என்று தெரிந்தபின் இரண்டாம் புலத்துக்கு 150 முதல் 260 வரை போதும், 55 நிமிடத்தில் முடியும். எஃப்ஜிடி-யில் ஒரு டெஸ்லாவுக்குள் செங்குத்துத் திசை நிறைவுற்றுவிடும். அந்தத் திசையில் ஒவ்வொரு வெப்பநிலையிலும் 9 டெஸ்லா வரை போவது பணத்தை எரிப்பது. அடுக்குக்கு இணையான திசையில் மட்டும் உயர் புலம் தேவைப்படும். ஏனென்றால் காந்தத்தை அந்தப் பக்கம் திருப்புவது கடினம்.

கட்டணம் மையத்துக்கு மையம் மாறும். சில இடங்களில் மணிக்கு, சில இடங்களில் மாதிரிக்கு. கல்வி நிறுவனம், அரசு ஆய்வகம், தொழில் நிறுவனம் என்று மூன்று அடுக்கு விலை இருக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மணிக்கு 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு வரியோடு 28,320 ரூபாய். யுஜிசி ஜேஆர்எஃப்-இல் அறிவியல் துறைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் கன்டின்ஜென்சி (சில்லறைச் செலவுக்கான நிதி) ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆக இது கைடின் திட்டப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். போகும் முன்னரே அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். பணம் பெரும்பாலும் எஸ்பிஐ கலெக்ட் வழியாகக் கட்டச் சொல்வார்கள். ரசீதில் மாணவர் பெயர் மட்டும் இருந்தால் ஆடிட்டில் கேள்வி வரும். நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும்படி இன்வாய்ஸ் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் ஒரு வருஷம் ஓடிவிடும்.

6. கான்டாக்ட்

இதைத்தான் உங்கள் ஊரிலேயே, உங்கள் மேசையிலேயே பழகிவிட்டுப் போக வேண்டும். அங்கே போய்ப் பழகலாம் என்று நினைத்து வந்து, முதல் நாளை நுண்ணோக்கியடியிலேயே கழிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தேவையானவை: 25 அல்லது 50 மைக்ரான் தங்கக் கம்பி, டுபாண்ட் 4929 வகைச் சில்வர் பேஸ்ட், அதற்குரிய தின்னர், பல் குத்தும் மரக்குச்சி, ஸ்டீரியோ நுண்ணோக்கி. தின்னர் இல்லாமல் பேஸ்ட் வாங்காதீர்கள், திறந்த சில வாரங்களில் கட்டியாகிவிடும்.

ஸ்காட்ச் டேப்பால் மேல் அடுக்கை உரித்துப் புது முகத்தை வெளிப்படுத்துங்கள். உடனே கான்டாக்ட் வையுங்கள், மதிய உணவுக்குப் போய் வந்து அல்ல. தடிமனை உரித்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

அடுக்குப் படிகத்துக்கே உரிய பெரிய பொறி இங்கே இருக்கிறது. அடுக்குக்குள் மின்னோட்டம் எளிதாக ஓடும், அடுக்குக்கு அடுக்கு தாவுவது கடினம். மின்னோட்ட முனைகளை மேல் முகத்தில் மட்டும் புள்ளியாக வைத்தால் ஓட்டம் மேலடுக்குகளிலேயே நடந்துவிடும். நீங்கள் கணக்கில் போடப்போகும் தடிமன் ஒன்று, உண்மையில் ஓட்டம் நடந்த தடிமன் வேறு. ஆகவே மின்னோட்ட முனைகள் இரண்டும் தட்டின் இரு ஓரங்களில், பக்கவாட்டு முகம் முழுவதையும் மூடும்படி பூசப்பட வேண்டும். மின்னழுத்த முனைகள் மெல்லிய கோடுகளாக, நடுப்பகுதியில். ஹால் முனைகள் நேரெதிர் ஓரங்களில். எவ்வளவு கவனமாக வைத்தாலும் அவை கொஞ்சம் விலகித்தான் இருக்கும், அதைப் பிறகு கணக்கில் சரிசெய்யலாம்.

காய்ந்ததும் மல்டிமீட்டரில் இரண்டிரண்டு முனைகளாகப் பாருங்கள். சில ஓம்கள் வந்தால் நல்லது. 50, 100 என்று வந்தால் அழித்துவிட்டு மறுபடி வையுங்கள். "குளிரவைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குளிரவைத்தால் பேஸ்ட் விரிசல் விட்டுக் கழன்றுவிடுவதுதான் நடக்கும். ஒரு பாத்திரத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றி, மாதிரியை அதன் ஆவியில் பிடித்து 77 கெல்வினை ஒட்டி இறக்கி ஏற்றிப் பாருங்கள். அதில் பிழைத்த கான்டாக்ட் பிபிஎம்எஸ்-இலும் பெரும்பாலும் பிழைக்கும்.

பிபிஎம்எஸ்-இன் மின்தடைப் பக்கில் (மாதிரியை ஒட்டிக் கருவிக்குள் இறக்கும் சின்ன வட்டத் தட்டு) மூன்று சேனல்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு முனை. ஒரே ஏற்றலில் ஒரு சேனலில் எஃப்ஜிடி-யின் மின்தடை, இன்னொன்றில் ஹால், மூன்றாவதில் நியோபியம் டைசெலினைடு என்று போட்டுவிடலாம். மையம் பழைய பக்கை முன்கூட்டி அனுப்புமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கொடுப்பார்கள்.

7. காந்த அளவீடு

இடுக்கி: சாதாரண எஃகு இடுக்கி வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம். பிளேடு பட்ட ஓரத்தில் ஒட்டும் இரும்புத் துகளும் சிக்னல் கொடுக்கும். 0.25 ஈஎம்யூ-வுக்கு அது பொருட்டல்ல, எதிர்க்காந்தப் படிகத்துக்குப் பெரிய விஷயம்.

திசை: தட்டை எந்தப் பக்கமாக ஒட்டினீர்கள் என்று படமெடுங்கள். கோப்பின் பெயரிலும் எழுதுங்கள். பத்து கோப்புகள் சேர்ந்தபின் எது இணை, எது செங்குத்து என்று யாருக்கும் நினைவிருக்காது.

காற்று: மாதிரி அறையில் கொஞ்சம் ஆக்சிஜன் தங்கியிருந்தாலும் உறைந்து, 50 கெல்வினை ஒட்டி ஒரு மேடு காட்டும். உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் மேடு வந்தால், புதிய காந்த மாற்றம் என்று கைடுக்குப் போன் செய்யும் முன் அறையை மறுபடி ஹீலியத்தால் அலசிவிட்டுப் பாருங்கள்.

எஞ்சிய புலம்: மீகடத்திக் காந்தத்தை 7 டெஸ்லாவிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும், உள்ளே சில பத்து ஓர்ஸ்டெட் தங்கியிருக்கும். அந்த நிலையில் "புலமில்லாமல்" குளிர்வித்து 50 ஓர்ஸ்டெட்டில் அளந்தால், காந்தமாக்கம் எதிர்க்குறியில் கிளம்பும். அதை வைத்து எதிர்க்குறிக் காந்தமாக்கம் என்று கட்டுரை எழுதத் துடிப்பவர்கள் உண்டு. காந்தத்தை ஊசலாட்ட முறையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மையத்தில் பல்லேடியம் மாதிரி ஒன்று இருக்கும், அதை அளந்தால் உண்மையான புலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வடிவம்: தட்டுக்குச் செங்குத்தாகப் புலம் போட்டால், தட்டே உண்டாக்கும் எதிர்ப்புலம் உள்ளே இருக்கும் புலத்தைக் குறைக்கும். எஃப்ஜிடி நிறைவுறும்போது அது 0.4 டெஸ்லாவைத் தாண்டும். அதனால் எளிய திசையிலும் நிறைவுற ஆயிரக்கணக்கான ஓர்ஸ்டெட் தேவைப்படுவதுபோல் தெரியும். அது பொருளின் குணமல்ல, தட்டின் வடிவம். திருத்தம் செய்யாமல் அனிசாட்ரபி (திசைக்குத் திசை காந்தம் மாறுபடும் அளவு) எண் எழுதினால் மதிப்பீட்டாளர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒட்டும் வார்னிஷும் தாங்கும் குவார்ட்ஸும் தனியாகச் சிக்னல் தரும். காலியாக ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. எஃப்ஜிடி போல வலுவான காந்தத்துக்கு விட்டாலும் பரவாயில்லை.

8. மின்தடை, ஹால்

எதிர்பார்க்கும் எண்ணை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மின்தடைத்திறன் 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் அளவில், தட்டு 1 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன், முனைகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் என்றால் மின்தடை 20 மில்லி ஓம். 1 மில்லி ஆம்பியரில் 20 மைக்ரோ வோல்ட். ஹால் சிக்னல் அதிலும் பல மடங்கு சின்னது, ஒரு மைக்ரோ வோல்ட்டுக்கும் கீழே. அதனால் தடிமனைக் குறைப்பது ஹாலுக்கு நேரடி லாபம்.

மின்னோட்டத்தை ஏற்றினால் சிக்னல் ஏறும்தான். ஆனால் 10 ஓம் கான்டாக்டில் 10 மில்லி ஆம்பியர் ஓடினால் 1 மில்லி வாட் சூடு, 2 கெல்வினில் அது மாதிரியைச் சூடேற்றிவிடும். 1 மில்லி ஆம்பியரில் அந்தச் சூடு நூறில் ஒரு பங்குதான். குளிர்ந்த நிலையில் இரண்டு மின்னோட்டங்களில் அளந்து, மின்தடை ஒன்றே என்று காட்டிவிட்டு மேலே போங்கள். நேர் மின்னோட்டம் என்றால் திசையை மாற்றி மாற்றி அளந்து சராசரி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கம்பிகளில் பிறக்கும் வெப்ப மின்னழுத்தமும் கூடவே வந்துவிடும். லாக்-இன் (ஒரே அதிர்வெண்ணின் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) வைத்திருந்தால் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் தவிர்த்து 13, 17 ஹெர்ட்ஸ் போன்ற எண்களை எடுங்கள்.

ஹால் தரவில் முனை விலகலால் மின்தடையும் கலந்திருக்கும். நேர்ப்புலத்தில் வந்ததிலிருந்து எதிர்ப்புலத்தில் வந்ததைக் கழித்து இரண்டால் வகுத்தால் அது போய்விடும். இதற்காகவே இரண்டு பக்கமும் முழுமையாக ஓட்ட வேண்டும். நேரம் மிச்சமென்று ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் அந்தத் தரவு உதவாது. காந்தத்தில் ஹிஸ்டெரிசிஸ் (புலம் ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை) இருப்பதால் இன்னொரு கவனமும் தேவை. ஏறும் ஓட்டத்தின் நேர்ப்புலப் புள்ளியை, இறங்கும் ஓட்டத்தின் எதிர்ப்புலப் புள்ளியோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். ஏறும் ஓட்டத்துக்குள்ளேயே கழித்தால் லூப் மறைந்துவிடும், அசாதாரண ஹால் விளைவின் (காந்தமாக்கத்தால் வரும் ஹால்) அழகான பகுதியே போய்விடும்.

உயர் புலச் சரிவிலிருந்து மின்சுமைகளின் அடர்த்தியைக் கணக்கிடுவது வழக்கம். க்யூரி வெப்பநிலைக்கு அருகில் காந்தமாக்கம் நிறைவுறாமல் தொடர்ந்து ஏறுவதால் அந்தச் சரிவில் அதுவும் கலக்கும். ஆகவே ஆழ்ந்த குளிரில் எடுத்த எண்ணை மட்டும் நம்புங்கள். பல பட்டைகள் உள்ள உலோகத்தில் அதுவும் ஓர் உத்தேசம்தான்.

9. "ஓரடுக்கு வரை போகலாம்" என்று கைடு சொன்னால்

ஒரு கணக்கைக் காட்டுங்கள். 10 மைக்ரான் நீளமும் அகலமும் உள்ள ஓரடுக்கு எஃப்ஜிடி-யின் மொத்த காந்தத் திருப்புத்திறன் சுமார் ஆயிரம் கோடியில் 0.3 ஈஎம்யூ. ஸ்க்விட்டின் எல்லை பத்துக் கோடியில் ஒரு ஈஎம்யூ. சில நூறு மடங்கு போதாது. அதைத் தாங்கும் 5 மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கான் சில்லோ 1 டெஸ்லாவில் மட்டும் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு பெரிய டயாமேக்னடிக் சிக்னல் கொடுக்கும். ஆகவே மெல்லிய தாளை ஸ்க்விட்டில் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே காந்தத்தைப் படிப்பது அசாதாரண ஹால் வழியாக, அல்லது ஒளியின் கெர் விளைவு (காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் மாறுவது) வழியாக. எஃப்ஜிடி-யின் ஓரடுக்கில் க்யூரி வெப்பநிலை 130 கெல்வின் அளவுக்கு இறங்குவது அப்படித்தான் தெரிந்தது.

இதற்கு க்ளவ் பாக்ஸ், போரான் நைட்ரைடு மூடல், எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி எல்லாம் வேண்டும். சொந்தமாக இல்லாதவர்களுக்கு இனப் என்ற திட்டம் இருக்கிறது. பெங்களூர் ஐஐஎஸ்சி, சென்னை, மும்பை, டெல்லி, கரக்பூர், குவாஹாத்தி ஐஐடிகளின் நானோ தயாரிப்பு மையங்களில் வெளி மாணவர்களுக்கு முதலில் அறிமுகப் பட்டறை, பிறகு கைப்பயிற்சி, அதன்பின் குறுந்திட்டம் என்று வாய்ப்பு தருவார்கள். குறுந்திட்டத்துக்கு நேராக விண்ணப்பிக்காமல் பட்டறையில் முதலில் போய் உட்காருங்கள். எந்தக் கருவி யார் பொறுப்பில் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

மெல்லிய சாதனத்தின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். கையில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே எரிந்துபோகும். எல்லா முனைகளையும் தரையோடு இணைத்துவிட்டுத்தான் பக்கை இறக்க வேண்டும்.

10. திரும்பும் முன்

கருவி எழுதிய மூலக் கோப்புகளை, எக்செலில் திறந்து சேமித்தவற்றை அல்ல, இரண்டு இடங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். பல மையங்களில் பென் டிரைவ் போட விட மாட்டார்கள், மின்னஞ்சலிலோ சிடியிலோதான் தருவார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருவி எண், வெப்பமானியின் கடைசி அளவுத்திருத்தத் தேதி, ஓட்டிய சீக்வென்ஸ் கோப்பு, பக்கில் கம்பிகள் போன படம் ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். மாதிரியைக் கழற்றும் முன் அறை வெப்பநிலையில் மின்தடை ஆரம்பத்தில் இருந்த எண்ணுக்கே திரும்பியதா என்று பாருங்கள். திரும்பவில்லையென்றால் குளிரில் எங்கேயோ கான்டாக்ட் விரிசல் விட்டிருக்கிறது. கடைசி ஓட்டத்தை நம்பாமல், மீதி நேரம் இருந்தால் இரண்டு முனைகளைப் புதுப்பித்து அதை மட்டும் மறுபடி ஓட்டிவிடலாம்.

நன்றிக் குறிப்பில் மையத்தின் பெயரை அவர்கள் படிவத்தில் கொடுத்த வாசகத்தின்படியே போடுங்கள். கட்டுரை வந்ததும் ஒரு நகலை அனுப்பிவிட்டால் அடுத்த விண்ணப்பத்துக்குத் தனியாக எதுவும் விளக்க வேண்டியிருக்காது.